பக் ஃபேபிள்ஸ், சீ ஆஃப் ஸ்டார்ஸ், செயின்ட் எக்கோஸ்: காசு ஒன்றுக்குத்தான் என்றால் எதை வாங்குவது?

டர்ன் பேஸ்டு ஆர்பிஜி (நாமும் எதிரியும் முறை வைத்து மாறி மாறி அடிக்கும் கதை கேம்) வேண்டும், ஆனால் பெரிய கம்பெனியின் நூறு மணி நேர கேம் வேண்டாம், சின்னக் குழு ஒன்று மனசு வைத்துச் செய்ததாக இருந்தால் போதும் என்று தேடுகிறவர்களுக்குப் பேச்சு கடைசியில் இந்த மூன்று பெயர்களில்தான் வந்து நிற்கும். பக் ஃபேபிள்ஸ் 2019 நவம்பரில் கம்ப்யூட்டருக்கும் 2020 மே மாதம் ஸ்விட்ச், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் மூன்றுக்கும் வந்தது. செய்தவர்கள் பனாமாவைச் சேர்ந்த மூன்ஸ்ப்ரவுட் கேம்ஸ். செயின்ட் எக்கோஸ் 2022 டிசம்பரில் வந்தது. மத்தியாஸ் லிண்டா என்ற ஜெர்மானியர் ஏறக்குறைய தனியாளாக உழைத்து முடித்தது. சீ ஆஃப் ஸ்டார்ஸ் 2023 ஆகஸ்டில் கனடாவின் கியூபெக் நகரத்து சபோடாஜ் ஸ்டூடியோவிலிருந்து வந்து, அந்த ஆண்டின் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த இண்டி (சின்னக் குழு செய்த) கேம் விருதையும் வாங்கியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலானவர்கள் பக் ஃபேபிள்ஸை எடுப்பதுதான் சரி. அதில் குறை இல்லாமல் இல்லை. குதிக்கிற இடங்களில் எரிச்சல் வரும், நடந்த வழியிலேயே திரும்ப நடக்க வைக்கும். ஆனாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டர்னையும் யோசித்து ஆட வைப்பதில் மற்ற இரண்டும் அதன் கிட்டே வரவில்லை. வீட்டில் அண்ணன் தம்பி தங்கை எல்லாம் சேர்ந்து ஆட வேண்டும் என்றால் சீ ஆஃப் ஸ்டார்ஸ். பழைய ஜப்பானிய ஆர்பிஜிகள் ஐந்தாறை முடித்துவிட்டு இன்னும் சிக்கலானது வேண்டும் என்பவர்களுக்கு செயின்ட் எக்கோஸ்.

எண்கள் சின்னவை, கணக்கு பெரியது

பக் ஃபேபிள்ஸின் உலகம் பகேரியா, பூச்சிகளின் நாடு. ஆளுகிறவள் எறும்பு ராணி. நீங்கள் ஆடுவது மூன்று பேரை: காசு மேல் கண்ணாக இருக்கும் தேனீ வீ, வாக்கு தவறாத வண்டு கப்பு, எதையும் சுலபத்தில் நம்பாத அந்துப்பூச்சி லீஃப். பழைய பேப்பர் மரியோ கேம்களின் பாணியை அப்படியே அடியொற்றியது. காகிதத்தில் வெட்டியது மாதிரித் தட்டையான உருவங்கள் முப்பரிமாண மேடையில் நடக்கும்.

இதில் சாதாரண அடி 2 அல்லது 3 பாயின்ட். பாஸ்கள் (பகுதியின் முடிவில் வரும் பெரிய எதிரிகள்) தவிர மற்ற எதிரிகளின் உயிரும் அதற்கேற்ற அளவில்தான் இருக்கும். லட்சக்கணக்கில் எண்கள் பறக்கிற கேம்களில் நூறு கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரே ஒரு பாயின்ட் கூடினால் ஃபைட் ஒரு டர்ன் முன்னாலேயே முடியும்.

மூவரின் அடியும் எங்கே எட்டும் என்பதில் தெளிவான எல்லை உண்டு. வீயின் பூமராங் பறக்கிற எதிரியைத் தொடும், பின் வரிசையில் நிற்பதையும் தொடும். கப்புவின் கொம்பு தரையில் முன்னால் நிற்பவனை மட்டும்தான் முட்டும், ஆனால் ஓடு கெட்டியான பூச்சிகளைக் கவிழ்த்துப்போடும். லீஃபின் பனி மந்திரம் தரைக்கு அடியில் பதுங்கியதையும் பிடிக்கும், பறப்பதைப் பிடிக்காது. முன்னால் நிற்கும் நம் ஆளுக்கு அடிக்கும் பலம் 1 கூடுதல், பதிலுக்கு எதிரிகள் அவனையே அதிகம் குறிவைப்பார்கள். ஒருவர் தன் டர்னை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒரே டர்னில் இரண்டாவது முறை அடிக்கிறவரின் பலம் 1 குறையும், மூன்றாவது முறை இன்னும் 1 குறையும்.

இந்த நாலைந்து விதியும் ஒன்றோடொன்று மோதும்போதுதான் கேம் சூடு பிடிக்கிறது. முன்னால் ஓட்டுப்பூச்சி ஒன்று, பின்னால் பறப்பது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வீ முதலில் ஓட்டை அடித்தால் அடி தெறித்துப் போகும். கப்பு முதலில் கவிழ்த்துவிட்டால் அந்த ஓட்டின் தடுப்பு போய்விடும், பிறகு லீஃபின் அடி முழுசாக இறங்கும். ஆனால் பறப்பது உயிரோடு நின்று அடுத்த டர்னில் குத்தும். அதற்குப் பதில் லீஃப் தன் டர்னை வீக்குக் கொடுத்தால் அவள் பறப்பதை இரண்டு தடவை அடிக்கலாம், இரண்டாவது அடியில் 1 குறையும். அந்த 1 போவதை ஈடுகட்ட அவளை முன்னால் நிறுத்தினால், குத்து வாங்குவதும் அவள்தான். ராயபுரம், வியாசர்பாடி பக்கத்து கேரம் கிளப்புகளில் கை பழகியவர்களுக்கு இந்த யோசனை புதுசு இல்லை: சிவப்புக் காயைப் போடுவதற்கு முன்னாலேயே, அதைத் தொடர்ந்து ஃபாலோவாகப் போட எந்தக் காய் என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் ஸ்ட்ரைக்கரில் கை வைப்பார்கள்.

உயிர் ஒவ்வொருவருக்கும் தனி, திறமைகளுக்குச் செலவாகும் டிபி மூவருக்கும் பொது. பொது என்பதால் லீஃப் ஒரு பெரிய பனி மந்திரத்தைப் போட்டால் அது கப்புவின் பங்கிலிருந்தும் போகிறது. ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தவறு, சில்லறை எதிரிகளுக்கே டிபியைக் கொட்டிவிட்டு பாஸ் அறைக்குள் வெறுங்கையோடு நுழைவது.

ரேங்க் ஏறும்போது மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்: மூவருக்கும் உயிர் 1, அல்லது டிபி 3, அல்லது மெடல் (மாட்டினால் தனிப் பலன் தரும் பதக்கம்) மாட்டுவதற்கான எம்பி 3. முதல் சில ரேங்க்குகளில் எம்பியை எடுப்பது பலன் தரும். உயிர் 1 கூடினால் ஒரு குத்து தாங்கும், அவ்வளவுதான். எம்பி 3 கூடினால் ஆடும் முறையே மாறும்படி ஒரு மெடல் மாட்டலாம். மெடலைக் கழற்றி மாற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை, அதனால் பாஸிடம் தோற்றால் ரேங்க் ஏற்ற ஓடாமல் மெடல்களைக் கலைத்து மாட்டிப் பாருங்கள். ரேங்க் ஏற ஏற அதே எதிரி தரும் அனுபவப் புள்ளி குறைந்துகொண்டே போகும். ஒரே இடத்தில் நின்று அரைத்துப் பலசாலி ஆகலாம் என்ற வழி இங்கே கிடையாது.

ஹார்டு மோடு மெடல் ஆரம்பத்திலேயே கையில் கிடைக்கும், மாட்ட எம்பி செலவு இல்லை. தயங்காமல் மாட்டுங்கள். அதை மாட்டிக்கொண்டு பாஸ்களை வென்றால் தனிப் பரிசு உண்டு, அந்தப் பரிசுகள் நல்ல மெடல்கள். சாதாரண நிலையில் நடுப்பகுதி கொஞ்சம் சுலபமாகி, மேலே சொன்ன கணக்கெல்லாம் தேவைப்படாமலே போய்விடும் என்பதுதான் இன்னும் முக்கியமான காரணம். இரண்டாவது முறை ஆடுகிறவர்கள், புது ஃபைலுக்குப் பெயர் கேட்கும் இடத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஹார்டெஸ்ட் என்று அடித்தால் அதைவிடக் கடுமையான நிலை திறக்கும்.

கதையின் பலம் சின்னச் சின்னப் பேச்சில் இருக்கிறது. எந்த இடத்தில் நின்றாலும் ஒரு பட்டனைத் தட்டினால் மூவரும் அந்த இடத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஃபைட்டில் ஒரு டர்னைச் செலவழித்து எதிரியை வேவு பார்த்தால், பார்க்கிறவரைப் பொறுத்து வேறு வேறு கருத்து வரும். முதல் அத்தியாயத்தில் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டிருக்கும் மூவர், பாதிக் கதைக்கு மேல் ஒருவருக்காக ஒருவர் நிற்கிறார்கள். அந்த மாற்றத்துக்குப் பெரிய வசனக் காட்சி எதுவும் தேவைப்படவில்லை, இந்தத் துண்டுப் பேச்சுகளே செய்துவிடுகின்றன. மூவருக்கும் தனித்தனிப் பக்கக் கதை உண்டு. அவசரத்தில் அவற்றை விட்டுவிட்டுக் கடைசி அத்தியாயத்துக்கு ஓடினால் கேமின் நல்ல பாதியை விட்ட மாதிரி.

எரிச்சல் எங்கே என்று பார்ப்போம். கேமராவைத் திருப்ப முடியாது. தட்டையான உருவம் ஆழமுள்ள மேடையில் நிற்பதால், அடுத்த திட்டு நேர் எதிரில் இருக்கிறதா, அரை அடி உள்ளே தள்ளி இருக்கிறதா என்று கண்ணுக்குப் பிடிபடாது. குதித்தால் பள்ளத்தில் விழுவீர்கள். உருவத்தைப் பார்க்காமல் காலடி நிழலைப் பார்த்துக் குதித்தால் பாதித் தொல்லை தீரும். சொட்டும் நீரை லீஃப் உறைய வைத்து, அந்தப் பனிக்கட்டியைக் கப்பு முட்டித் தள்ளி சுவிட்ச் மேல் நிறுத்த வேண்டிய புதிர்களிலும் இதே கதைதான். கோணம் கொஞ்சம் பிசகினால் கட்டி வேறு பக்கம் போகும். யோசனை சரியாக இருந்தும் கை தோற்கும் இடங்கள் இவை, கேமின் பலவீனமான பகுதியும் இதுவே. அடுத்தது நடை. பக்க வேலைகள் பெரும்பாலும் இதை அங்கே கொண்டுபோய்க் கொடு என்ற ரகம். எறும்புச் சுரங்கப் பாதைகள் திறக்கும் வரை நடந்துதான் ஆக வேண்டும். பை சின்னது என்பதும் ஆரம்பத்தில் உறுத்தும். கிடைத்ததைக் கிடைத்தபடி வைத்துக்கொள்ளாமல் சமையல்காரரிடம் கொடுத்துச் சமைத்து வைத்துக்கொண்டால் அதே இடத்தில் இன்னும் பலமுள்ள பொருள் நிற்கும்.

சீ ஆஃப் ஸ்டார்ஸ்: கண்ணுக்கும் காதுக்கும் முதல் மார்க்

பார்வைக்கு மூன்றில் அழகானது இதுதான், இதில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பிக்சல் ஓவியத்தின் மேல் வெளிச்சம் உண்மையாக நகரும். வேலரியும் ஜேலும் சூரிய சந்திர வீரர்கள், அவர்களின் சக்தியால் பகலை இரவாக்கும்போது திரை முழுதும் நிறம் மாறுவதைப் பார்க்கவே இன்னொரு தடவை செய்யத் தோன்றும். இசை எரிக் பிரவுன். குரோனோ ட்ரிகர் இசையமைப்பாளர் யசுனோரி மிட்சுடாவும் சில பாடல்கள் தந்திருக்கிறார்.

ஃபைட்டின் உயிர் பூட்டுகளில் இருக்கிறது. எதிரி பெரிய அடிக்குத் தயாராகும்போது தலைக்கு மேல் சில குறிகளும் ஒரு எண்ணும் தோன்றும்: வாள், மழுங்கிய ஆயுதம், சூரியன், சந்திரன் என்று. அந்த எண் பூஜ்யம் ஆவதற்குள் அத்தனை குறியையும் அதற்குரிய அடியால் உடைத்தால் எதிரியின் டர்னே போய்விடும். பாதி உடைத்தால் அடி பலவீனப்படும். சாதாரணமாக அடித்தால் எம்பி (இந்த கேமில் திறமைகளுக்குச் செலவாகும் சக்தி) ஏறும், கூடவே தரையில் சிதறும் மனா என்ற மந்திர சக்தியை உறிஞ்சினால் ஜேலின் வாள் அடியோடு சூரிய சக்தியும் சேரும். ஒரே வீச்சில் வாள் குறியும் சூரியக் குறியும் உடையும். முதல் பத்து மணி நேரத்துக்கு இது அருமையான புதிர்.

பிறகு தொய்வு வருகிறது. ஒவ்வொருவருக்கும் இருக்கும் திறமைகள் கொஞ்சம்தான். புதிதாக எதுவும் சேராமல் எதிரியின் உயிர் மட்டும் கூடுவதால், இருபதாவது மணி நேரத்தில் நீங்கள் செய்வது ஐந்தாவது மணி நேரத்தில் செய்ததேதான். வேலரியின் மூனராங் இதற்கு நல்ல உதாரணம். எறிந்த பிறை திரும்பி வரும்போதெல்லாம் சரியான நேரத்தில் பட்டனை அழுத்தினால் மறுபடி பறக்கும், வேகம் கூடிக்கொண்டே போகும். முதல் தடவை உற்சாகம்தான். ஆனால் ஒவ்வொரு சாதாரண ஃபைட்டிலும் ஒரே திறமைக்கு அவ்வளவு நேரம் என்றால் கை ஓய்ந்துபோகும்.

எழுத்தும் சுமார்தான். சமையல்காரன் கார்ல் மட்டும் மனதில் நிற்கிறான். நாயகர்கள் இருவரையும் பெயரை மாற்றிப் பேச வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. உண்மையான முடிவைப் பார்க்க வேண்டுமானால் கடைசியில் நிறையத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இதற்கு ஈடு செய்யும் பெரிய பலம் ஒன்று உண்டு. 2024 நவம்பரில் வந்த இலவச அப்டேட்டில் ஒரே திரையில் மூன்று பேர் வரை சேர்ந்து ஆடும் வசதியைக் கொடுத்தார்கள். டர்ன் பேஸ்டு கேமில் இது அபூர்வம். 2025 மே மாதம் வந்த கூடுதல் கதையும் இலவசம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ரெலிக் (ஆட்டத்தைச் சுலபமாக்கும் பொருள்) மெனுவில் உயிரைக் கூட்டி ஃபைட் முடிந்ததும் ஆற்றிவிடும் ரெலிக்கைப் போட்டுவிடுங்கள். கூடவே, நேரம் சரியாக விழுந்தால் நட்சத்திரம் மின்னிக் காட்டும் ரெலிக்கும் உண்டு, பழகும் வரை அது பெரிய உதவி. கூடுதல் கன்ட்ரோலர்களுக்கான காசையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் எக்கோஸ்

இதில் ரேங்க், லெவல் எதுவும் கிடையாது. கதை பாஸ்களிடமிருந்தும் பரிசுப் பலகையிலிருந்தும் கிடைக்கும் துண்டுகளைக் கொடுத்துத் திறமை கற்றுக்கொள்ள வேண்டும். ஃபைட் முடிந்ததும் உயிரும் டிபியும் முழுதாக நிரம்பும், அதனால் ஒவ்வொரு ஃபைட்டையும் லிண்டா தைரியமாகக் கடுமையாக்கியிருக்கிறார். மேலே மஞ்சள், பச்சை, சிவப்பு என்று ஒரு பட்டை. நீங்கள் எது செய்தாலும் முள் சிவப்பை நோக்கி நகரும். பச்சையில் இருந்தால் வாங்கும் அடி குறைவு, திறமைக்கான செலவும் குறைவு. சிவப்பில் போனால் வாங்கும் அடி கூடும். பின்னால் இழுக்க, திரையில் காட்டுகிற வகைத் திறமையைப் பயன்படுத்த வேண்டும், அல்லது வெளியே காத்திருப்பவரை உள்ளே மாற்ற வேண்டும். களத்தில் நான்கு பேர், வெளியே நான்கு பேர். பாதிக் கதைக்குள் ஸ்கை ஆர்மர் என்ற இயந்திர உடைகள் வந்ததும் பட்டையின் விதியே மாறும்.

மூன்றில் அதிக ஆழம் இதற்குத்தான். ஆனால் முதல் கேமாக இதைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு இரண்டு காரணம். ஆயுதங்களில் பதிக்கும் கிரிஸ்டல் முறை குழப்பமானது, விளக்கமும் போதாது, மெனுவிலேயே மணிக்கணக்கில் நேரம் போகும். கதை அரசியல், மறுபிறவி, துரோகம் என்று அடர்த்தியானது, பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். மூன்று கேமிலும் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் படிக்க நேரம் எடுப்பவர்களுக்கு பக் ஃபேபிள்ஸின் குட்டி வாக்கியங்களும் சீ ஆஃப் ஸ்டார்ஸின் நேரான கதையும் ஒத்துவரும், இதில் நடுவழியில் நூல் அறுந்துபோகும்.

நம்ம பக்கத்து வீட்டில் ஓடுமா?

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, கொடுங்கையூர், எண்ணூர் பக்கம் பல வீடுகளில் இருப்பது தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப், அல்லது பர்மா பஜாரில் வாங்கிய பழைய கன்சோல். மூன்றும் பிரமாண்ட கேம்கள் அல்ல என்றாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பக் ஃபேபிள்ஸிலும் சீ ஆஃப் ஸ்டார்ஸிலும் அடிக்கும்போதும் அடி விழும்போதும் நேரம் பார்த்து பட்டன் அழுத்த வேண்டும். நொடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் மாறும் படம்) ஓடினால் ஒரு ஃப்ரேமுக்கு ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட். லேப்டாப் திணறி 20 ஃப்ரேமுக்கு இறங்கினால் அது 50 மில்லிசெகண்ட். எதிரியின் கை ஓங்குவது தெரிவதற்குள் அடி விழுந்திருக்கும். பழி உங்கள் கை மேல் இல்லை. ரெசல்யூஷனை 1280க்கு 720 என்று இறக்குங்கள், லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டே ஆடுங்கள். பேட்டரியில் இருக்கும்போது பல லேப்டாப்கள் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். டிவியில் ஆடினால் கேம் மோடைப் போடுங்கள். ப்ளூடூத் இயர்போனில் சத்தம் 100 முதல் 200 மில்லிசெகண்ட் தாமதமாக வருவது சாதாரணம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி கிண்டி போகும் வரை ஸ்டீம் டெக்கிலோ ஸ்விட்ச்சிலோ ஆடுகிறவர்கள் ஒயர் இயர்போன் வைத்துக்கொள்வது நல்லது, இல்லையென்றால் சத்தத்தை நம்பாமல் கண்ணை மட்டும் நம்புங்கள். செயின்ட் எக்கோஸில் நேரம் பார்த்து அழுத்தும் வேலை இல்லாததால் இந்தத் தொல்லை எதுவும் அதற்கு இல்லை. பழைய லேப்டாப் ரொம்பவே திணறுகிறது என்றால் நான் மேலே சொன்ன வரிசையை மாற்றி அதை எடுக்க இது ஒன்றே போதுமான காரணம்.

கரண்ட் போகும் விஷயமும் உண்டு. பக் ஃபேபிள்ஸில் சேவ் கிரிஸ்டலைத் தொட்டால்தான் சேவ் ஆகும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் மழைக்கால மாலையில் ஆடினால், பாஸை வென்றதும் கதவைத் தாண்டி வேடிக்கை பார்க்கப் போகாமல் திரும்பி வந்து கிரிஸ்டலைத் தொடுங்கள். சீ ஆஃப் ஸ்டார்ஸ் இடையிடையே தானாகவும் சேவ் செய்துகொள்ளும்.

வெளிவந்தபோது செயின்ட் எக்கோஸ் 25 டாலர், சீ ஆஃப் ஸ்டார்ஸ் 35 டாலர். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ரூபாய் விலை இதை அப்படியே மாற்றிப்போட்டதாக இருக்காது, தள்ளுபடியும் அடிக்கடி வரும். யூபிஐயிலேயே கட்டலாம். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம் என்பது ஸ்டீமின் விதி. கேம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் கணக்கில் ஏறும், அதனால் நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பக் ஃபேபிள்ஸ் வாங்கினால் அந்த நேரத்தை ஊர் சுற்றிப் பார்ப்பதில் கரைக்காமல் நேராக முதல் குகையான ஸ்னேக்மவுத் டென்னுக்குள் போய்விடுங்கள். அங்கே பத்து அடியாவது தடுத்துப் பாருங்கள். எதிரியின் அசைவைப் பார்த்து, அடி படுவதற்குச் சற்று முன் அழுத்தியும் பாதிக்கு மேல் தவறினால், முதலில் ரெசல்யூஷனை இறக்குங்கள், அடுத்து ஒயர் கன்ட்ரோலரோ கீபோர்டோ வைத்துப் பாருங்கள். அப்போதும் தவறினால் அந்த லேப்டாப்புக்கு இந்த கேம் சரிவராது, நேரம் தாண்டுவதற்குள் ரீஃபண்டைப் போட்டுவிட்டு செயின்ட் எக்கோஸை எடுங்கள்.